இனிய இல்லறம், இருபது நிமிடம்

குவைத்தில் எங்கள் மங்காஃப் பாத்ரூம்களில் மட்டும் ஏன் இத்தனை பெண்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். சந்தேகம் என்பது சும்மா பேச்சுக்கு. எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிறவள். பன்னிரண்டு வருஷமாக மனிதர்களின் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறவள். ஈரத் தரையில் வழுக்குகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். உள்ளங்கை சிராய்க்கும், முழங்கை வீங்கும், தாடையில் அடிபடும். கையில் ஒரு கீறல் இல்லாமல், மேல்வரிசை முன்பல் மட்டும் உடைந்து, உதட்டின் உட்பக்கம் கிழிந்து ஒருத்தி வந்தால், அவளை எந்தத் தரையும் அடிக்கவில்லை.

எங்கள் டாக்டர் எகிப்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். எப்படி ஆயிற்று என்று கேட்கச் சொல்வார். நான் தமிழில் கேட்பேன். நாற்காலியில் படுத்திருக்கிறவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் புருஷன் பதில் சொல்லிவிடுவான். "பாத்ரூம்ல வழுக்கிட்டா சிஸ்டர்." நான் அதை ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொல்வேன். அவர் அரபியில் "கலாஸ்", சரி முடிந்தது, என்று ஊசியைக் கையில் எடுப்பார். இத்தனை வருஷமும் அந்தப் பொய்யை மொழிபெயர்த்தவள் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் சொல்ல வந்தது ஒருத்தியைப் பற்றி. போன செப்டம்பரில் வந்தாள். நாற்பது வயது இருக்கும். மேல்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது, பக்கத்துப் பல் ஆடியது. புருஷன் கூடவே நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு, ஏதோ எண்ணெய்க் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. "பாத்ரூம்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்து, கீழே ஒரு வெள்ளைக் கார் வழியை மறித்து நிற்கிறது, எடுக்காவிட்டால் போலீஸ் வரும் என்றான். மங்காஃபில் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அவர் வேறு வழியில்லாமல் கீழே ஓடினார்.

மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் அவளுக்கு உதடு கோணியிருந்தது. நான் குனிந்து, "வழுக்கி விழலைதானே?" என்று கேட்டேன். அவள் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குழறலாக, "பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறாக்கா. மார்ச்சுல பரீட்சை. அதுவரைக்கும் இங்க இருந்துட்டேன்னா போதும். அப்புறம் அவளைக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருவேன்" என்றாள்.

"மார்ச்சு வரைக்கும் அடி வாங்கணுமா?"

"இப்ப ஏதாவது கெளப்புனா என் விசாவை கேன்சல் பண்ணி என்னைய மட்டும் அனுப்பிடுவேங்கிறார். புள்ளைய இங்க விட்டுட்டு நான் எப்படிக்கா போவேன்?"

அவ்வளவுதான் பேச முடிந்தது. லிஃப்ட் சத்தம் கேட்டது, அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். நான் குழாயை உள்ளே விட்டேன். என்னுடைய நம்பரை ஒரு டிஷ்யூவில் கிறுக்கி அவள் கைப்பைக்குள் திணித்தேன். அதற்கு மேல் அன்றைக்கு நான் எதையும் சாதிக்கவில்லை.

அந்த மாதமே நான் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்களைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தேன். வீட்டு அடி உதை பற்றிப் பெண்களுக்கு ஒரு வகுப்பு வையுங்கள், எங்கே போகலாம், யாரிடம் சொல்லலாம் என்றாவது தெரியட்டும் என்றேன். எங்கள் சங்கம் வருஷம் முழுக்க ஓயாமல் வேலை பார்க்கும் சங்கம். கோலப்போட்டி, சமையல் போட்டி, சர்க்கரை நோய் முகாம், யோகா, வெயில் காலத்தில் தண்ணீர் குடிப்பது எப்படி என்பதற்குக்கூட ஒரு கூட்டம். இதற்கு மட்டும் ஹால் கிடைக்காது. "ஃபேமிலி மேட்டர் சிஸ்டர்" என்றார்கள். "நம்ம ஆளுங்க யாரும் அப்படி இல்லையே" என்றார்கள். நம்ம ஆட்களின் பற்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "சங்கத்துல ஒனக்கு நிரந்தர எதிர்க்கட்சி போஸ்ட் குடுத்துருவாங்க" என்றார். அவருக்கு என்ன, சிரிப்பார்.

செயலாளர் என்கிறவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் ரிஃபைனரியில் சேஃப்டி ஆஃபீசர். தினமும் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பத்து நிமிஷம் ஆபத்தைப் பற்றிப் பேசுவதுதான் அவர் உத்தியோகம். சாரத்தில் இருந்து ஒரு நட்டு கீழே விழுந்து யார் மேலும் படாமல் போனாலும் அதை எழுதி வைக்க வேண்டும், அதற்கு 'நியர் மிஸ்' என்று பெயர், அதை எழுதாதவன்தான் அடுத்த சாவுக்குக் காரணம் என்று எங்கள் சங்கக் கூட்டத்திலேயே ஒரு முறை அரை மணி நேரம் விளக்கியவர்.

அதையே பிடித்துக்கொண்டேன். "சார், ஒரு பொம்பளைக்குப் பல்லு ஒடைஞ்சா அது நியர் மிஸ்ஸா இல்லையா? அடுத்த தடவை மண்டை ஒடைஞ்சா யார் பொறுப்பு?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க விட மாட்டீங்க சிஸ்டர். சரி, நவம்பர் குடும்ப விழாவுல இருபது நிமிஷம் தர்றேன். ஆனா தலைப்பை நான் வைக்கிறேன்" என்றார்.

அவர் வைத்த தலைப்பு 'இனிய இல்லறம்'. நோட்டீஸில் இரண்டு புறாக்கள், நடுவில் ஒரு இதயம். கோலப்போட்டி முடிந்து பிரியாணி வருவதற்கு முன்னால் இருபது நிமிஷம். கல்யாண மண்டபத்துக்கு மொய் எழுதப் போவது போலத்தான் இருந்தது எனக்கு. இருந்தாலும் கிடைத்ததை விடக் கூடாது என்று ஒத்துக்கொண்டேன். பெண்கள் மட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் மைக்கில் அறிவித்தார். "பெண்கள் முன்னாடி வந்து உக்காருங்க. ஆண்கள் தயவுசெய்து வெளியில..." என்று.

வெளியில் எங்கே போவார்கள்? எங்கள் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் கார் ஓட்டுவதில்லை. புருஷன்தான் கூட்டி வர வேண்டும், புருஷன்தான் கூட்டிப் போக வேண்டும். ஏசி ஹாலை விட்டுவிட்டு வாசலில் யார் நிற்பார்? பிரியாணியும் வரப்போகிறது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். பெண்கள் முன்னால், அவரவர் வீட்டுக்காரர் பின்னால். கைப்பைகளும் தூங்குகிற குழந்தைகளும் அவர்கள் மடியில். செயலாளர் என் பக்கம் குனிந்து, "அவங்களும் கேக்கட்டுமே சிஸ்டர், நல்லதுதானே" என்றார்.

அப்போதே மைக்கை வைத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். அடி வாங்குகிறவளுக்கு, அடிக்கிறவனை முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற கூத்து நம் ஆட்களுக்குத்தான் தோன்றும். ஆனால் அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புதுப் பல் கட்டியிருந்தாள். பக்கத்தில் மகள், ஒல்லியாக, உயரமாக, மடியில் ஒரு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு. அவளுக்காகத்தானே இவ்வளவு கத்தினேன் என்று ஆரம்பித்துவிட்டேன்.

முதல் ஐந்து நிமிஷம் நான் நன்றாகவே பேசினேன். அடிப்பது மட்டும் இல்லை, போனைப் பிடுங்குவது, பாஸ்போர்ட்டை ஒளித்து வைப்பது, விசாவைச் சொல்லி மிரட்டுவது எல்லாம் அதே கணக்குதான் என்றேன். முன்வரிசைப் பெண்கள் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இருந்து ஒரு ஆண் குரல் வந்தது. "சிஸ்டர், எங்களையும் வீட்ல அடிக்கிறாங்க. எங்களுக்கு எப்ப கிளாஸ்?" ஹாலே சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் யார் என்ன நினைப்பார்களோ என்று சிரித்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம், எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. நான் பல் ஆஸ்பத்திரியில வேலை பாக்கேன். பாத்ரூம்ல வழுக்கிட்டான்னு கூட்டிட்டு வாரீங்கள்ல, வழுக்கி விழுந்தா எங்க அடிபடும், கையால அடிச்சா எங்க அடிபடும்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கீங்க?" என்றேன். அதோடு நிறுத்தினேனா? குழந்தைகளுக்குப் பல் விளக்கக் கற்றுக்கொடுக்கும் பெரிய பிளாஸ்டிக் தாடை ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைத் தூக்கிக் காட்டி, விழுந்தால் இந்தப் பல், அறைந்தால் இந்தப் பல், புறங்கையால் அடித்தால் உதடு இங்கே கிழியும் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். "மொகத்துல அடிச்சுட்டு யாரும் எங்கிட்ட தப்பிக்க முடியாது. வாயைத் தொறந்தாத் தெரிஞ்சுரும்" என்றேன்.

கடைசி வரிசை அசையாமல் கேட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாய்ப்பேச்சில் ஆண்களை அடக்கிவிட்டதாக நினைத்தேன். கீழே இறங்கினபோது ஒன்றிரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள்.

பிரியாணி வரிசையில் அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பாஸ்போர்ட் ரெண்டும் அவருகிட்ட இருக்கு. பரீட்சை முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் போறதுக்கு ஏதாவது வழி இருக்காக்கா?"

"விசாரிச்சுச் சொல்லுதேன். ஒம் பொண்ணு பரீட்சை எழுதுத வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றேன்.

இப்போது வகுப்பு முடிந்ததும் பெண்களிடம் எழுதி வாங்கின பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயலாளருக்கு எந்த வகுப்பு நடந்தாலும் பாரம் வேண்டும். சைட்டில் பயிற்சி முடிந்தால் கையெழுத்து வாங்குவார்களே, அந்தப் பழக்கம். பெயர், மொபைல் நம்பர், வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா, மேலும் விவரம் வேண்டுமா. எல்லாப் பெண்களும் வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். மேலும் விவரம் வேண்டும் என்று கட்டத்தில் டிக் போட்டவர்கள் ஏழெட்டுப் பேர். அவளும் போட்டிருந்தாள். அந்தப் பாரக் கட்டைச் செயலாளர் என்னிடம் கொடுத்து, "நீங்களே ஃபாலோ பண்ணிருங்க சிஸ்டர்" என்றார்.

அடுத்த வாரம், தூதரகத்து விவகாரங்கள் தெரிந்த ஒரு பெண்மணியிடம் விசாரித்து வைத்திருந்தேன். வழி இருக்கிறது, நேரில் வரச் சொல் என்றிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து பாரத்தில் இருந்த நம்பருக்குப் போட்டேன்.

ஆண் குரல் எடுத்தது.

இங்கே எந்தப் பாரத்தை நீட்டினாலும் நம் பெண்கள் புருஷன் நம்பரைத்தான் எழுதுவார்கள். விசா அவர் பெயரில், வீட்டு வாடகைப் பத்திரம் அவர் பெயரில், பள்ளிக்கூடத்தில் அவர் நம்பர், எங்கள் ஆஸ்பத்திரி ஃபைலிலும் அவர் நம்பர். சொந்த நம்பர் ஒன்று இருக்கிறது என்கிற நினைப்பே பேனாவைப் பிடித்தால் வராது. தினமும் அந்த ஃபைல்களை அடுக்கி வைக்கிறவள் நான். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பல் செக்கப்புக்கு வரச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. எனக்கு அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. "அவங்க இருக்காங்களா? வகுப்புல ஒரு விஷயம் கேட்டாங்க, அதுக்குப் பதில் சொல்லணும்" என்றேன்.

"என்ன கேட்டா?" மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, சும்மா பொதுவா."

"பொதுவான்னா?"

"இல்ல, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். மறுபடியும் மேலே போய் டாக்டர் பக்கத்தில் நின்றேன். யாருக்கு என்ன பல் எடுத்தோம் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

பத்து நாள் கழித்து, அவளுடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் ஊருக்குப் போய்விட்டாள் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அம்மாவே கிடையாது. விசாவை கேன்சல் பண்ணி அனுப்பியது புருஷன்தான். ஏர்போர்ட்டில் வைத்துத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்திருக்கிறார். மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று வழியனுப்பக்கூடக் கூட்டி வரவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளோ, அது அவள் கையை விட்டுப் போயிற்று. போக வைத்தது என் போன்.

செயலாளர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அவர்கிட்ட பேசினேன் சிஸ்டர். கொஞ்ச நாள் பிரிஞ்சு இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதுங்கிறார். ஒரு வகையில சுமுகமா முடிஞ்சிருச்சு" என்றார்.

"சுமுகமாவா? ஒங்க சைட்டுல மேல தொங்குத இரும்பு ஒருத்தன் தலையில விழுந்தா, அவனை ஊருக்கு அனுப்பிட்டு இரும்பை அங்கனயே தொங்க விடுவீங்களா சார்? அதுக்குக் கீழ இப்போ அந்தப் புள்ளைல்லா நிக்கி?" என்றேன்.

அவர் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "பொண்ணு பரீட்சை முடியட்டும் சிஸ்டர். இந்த நேரத்துல எதையும் கெளற வேண்டாம். அப்புறம் நானே பாக்குறேன்" என்றார். எங்கே போனாலும் இதே பாட்டுதான். பரீட்சை முடியட்டும், லீவு முடியட்டும், நோன்பு முடியட்டும். எல்லாம் முடிகிற வரைக்கும் அடி மட்டும் முடியாது. டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லலாமா என்று பல தடவை நினைத்தேன். முதல் தடவை வாயைத் திறந்ததற்கு ஒருத்தி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள், மறுபடியும் திறந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பும் போய்விடுமோ என்று பயந்தேன். ஊரெல்லாம் பேசச் சொல்லிக் கத்தியவள் கடைசியில் வாயை மூடிக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி கடைசியில் ஊர் நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. அவள்தான். டிஷ்யூவில் எழுதிக் கொடுத்த நம்பரை மனப்பாடம் செய்து வைத்திருந்தாளாம். அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

"என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன்.

"கோவம் இருந்துச்சுக்கா. ரொம்ப இருந்துச்சு. இப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல" என்றாள். மகளோடு பேசுவதென்றால் அவர் போனில்தான் பேச வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாராம். நல்லா இருக்கேம்மா, படிக்கிறேம்மா, சாப்பிட்டேம்மா, இந்த மூன்றைத் தவிர மகள் எதுவும் சொல்வதில்லை. "ரெண்டாந்தேதி மொதப் பரீட்சை. நீங்க ஒரே ஒரு தடவை போய் அவளை நேர்ல பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. அது போதும்."

போனேன். பரீட்சை எட்டு மணிக்கு. ஏழரைக்கே பள்ளி வாசலில் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. அவள் புருஷன் என்னைப் பார்த்ததும் கார் கண்ணாடியை இறக்கி, "என்ன சிஸ்டர், இந்தப் பக்கம்?" என்றார். அதே இஸ்திரிச் சட்டை, அதே மெதுவான குரல். பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட வந்தேன் என்று புளுகினேன். மகள் இறங்கினாள். "ஆல் தி பெஸ்ட் கண்ணு" என்றேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று பல் தெரியச் சிரித்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், என் கண் நேராக வாய்க்குத்தான் போனது. உதடு சுத்தமாக இருந்தது. பல் வரிசை அப்படியே இருந்தது. கன்னத்தில் வீக்கம் இல்லை. அவள் உள்ளே போனாள். அவரும் மணியைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. சுவர் ஓரமாக நின்று அவள் அம்மாவை அழைத்தேன். "பாத்துட்டேன். நல்லா இருக்கா. மொகத்துல ஒரு கீறல் இல்ல. சிரிச்சா" என்றேன்.

அவள் சந்தோஷப்படவில்லை. "கையைப் பாத்தீங்களாக்கா?"

"கையா?"

"மேல்கை. தோளுக்குக் கீழ."

"எதுக்கு?"

"உங்க கிளாஸ்ல அவரும்தான உக்காந்து கேட்டாரு" என்றாள். குற்றம் சொல்லுகிற குரல் இல்லை, விவரம் சொல்லுகிற குரல். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து அவரு என்னைய மொகத்துல தொடவே இல்லக்கா. எல்லாம் சட்டைக்குள்ளதான்."

எத்தனை பேர் பின்வரிசையில் இருந்தார்கள், எத்தனை பேர் அசையாமல் கேட்டார்கள் என்று ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது. முன்னால் இருந்தவர்களுக்கு நான் என்ன கற்றுக்கொடுத்தேனோ தெரியாது. பின்னால் இருந்தவர்களுக்கு எங்கே அடித்தால் என் கண்ணில் படாது என்று பிளாஸ்டிக் தாடையை வைத்துக்கொண்டு பாடம் எடுத்திருக்கிறேன். கோபம் என்று ஒன்று எனக்கு இல்லாமல் இருந்திருந்தால், எழுதி வைத்திருந்ததை மட்டும் படித்துவிட்டு இறங்கியிருப்பேன்.

"அவ முழுக்கை சட்டைதான் போட்டிருந்தா. மேல ஸ்வெட்டரும்" என்றேன்.

"மார்ச்சுலயா?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் காய்ச்சல் என்று லீவு சொன்னேன். பள்ளி வாசலிலேயே நின்றேன். பதினோரு மணிக்குப் பரீட்சை முடியும். பத்தே முக்காலுக்கு, அவர் கார் வருவதற்கு முன்னால், வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போய் பஸ் நிற்கிற கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டேன். ஊரில் இருக்கிறவளை மறுபடி அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டேன். "நான் பேச மாட்டேன்க்கா. நீங்க பேசுங்க. லைனை மட்டும் கட் பண்ணிராதீங்க, அவரு இல்லாம அவ எப்படிப் பேசுறான்னு ஒரு தடவை கேட்டுக்கிறேன்" என்றாள்.

பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். கேள்வித்தாளை விசிறிக்கொண்டு, கத்திக்கொண்டு, வெயிலுக்கு ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு. மகள் மட்டும் கழுத்து வரை பொத்தான் போட்டு, நெற்றி வேர்க்க வந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"எப்படி எழுதுன?"

"ஈஸி ஆன்ட்டி."

"வேர்க்குதே கண்ணு. ஸ்வெட்டரைக் கழட்டேன்."

"இட்ஸ் ஓகே ஆன்ட்டி."

"கையைக் காட்டு" என்றேன். அவள் பின்னால் நகர்ந்தாள். இன்னொரு தடவை, "ஆன்ட்டிட்ட காட்டும்மா" என்றேன். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கார் இன்னும் வரவில்லை. இடது கையை மட்டும் ஸ்வெட்டரில் இருந்து உருவி, சட்டைக் கையை மேலே தள்ளினாள். மேல்கை முழுக்கப் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. பழையதின் மேல் புதியது. நான்கு விரல் தடமும் தனித்தனியாகத் தெரிந்தன.

என் முகம் எப்படிப் போனதோ, அவள்தான் என்னைத் தேற்றினாள். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, மெதுவாக, "அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ். அம்மா அழுவாங்க. இன்னும் நாலு பேப்பர்தான்" என்றாள்.

நான் போனை மறைக்கப் பார்த்தேன். முடியவில்லை. அதற்குள் அது பேசிவிட்டது.

"கேட்டுருச்சு பாப்பா" என்றாள் அவள் அம்மா.